மூலையில் உட்காரும் சித்திக்கு ஒரு டிவி

சித்தி தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் சித்தப்பா மூன்று கடைகளின் விலைத்தாள்களை மேசையில் பரப்பிவிட்டார். எல்லாவற்றிலும் சிவப்புப் பேனா வட்டங்கள். எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி, மினி எல்இடி, 4கே. “இதெல்லாம் ஒரே சாமானா, வேற வேற சாமானா? அத மட்டும் சொல்லு தம்பி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார்.

கந்தப்பளையில் ஆறாயிரம் அடிக்கு மேலே, மூடுபனி வாசல்வரை வந்து எட்டிப்பார்க்கும் ஒரு லயத்தில் அவர் வீடு. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஈ.பி.எஃப். காசில் ஒரு பகுதியை டிவிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். காசை அவர் ரூபாயில் எண்ணுவதில்லை, பேரில் எண்ணுவார். ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது அல்லவா, ஒவ்வொரு விலையையும் அதால் வகுத்து ஓரத்தில் எழுதியிருந்தார். ஒரு தாளில் ‘100 பேர்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. நூறு நாள் மலையேறி இறங்கினால் ஒரு டிவி. அப்படிப் பார்க்கிறவரிடம் அவசரமாகப் பேசக்கூடாது.

மூலையில் பழைய டிவி நின்றது. 21 அங்குலக் குழாய் டிவி. முதுகு பெருத்து, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். அதன் தலையில் சித்தி கையால் பின்னிய வெள்ளைத் துணி, துணியின் மேல் பிளாஸ்டிக் ரோஜா நிறைந்த பூச்சாடி. போன மாதம் ஒரு சாயங்காலம் ‘டப்’ என்று நின்றது, பிறகு எழுந்திருக்கவில்லை. நான் இருபது வருஷம் டவுனில் டிவி திருத்தியவன். திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டேன்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் சித்தப்பா. “பக்கத்து வீட்ல புது டிவி வாங்கியிருக்காங்க. நேரா உக்காந்தா ஜோரா இருக்கு. கதவோரம் நின்னு பாத்தா மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போயி, இருட்டெல்லாம் சாம்பலா தெரியுது. நம்ம பழைய டிவி எங்கிட்டு நின்னு பாத்தாலும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. என் கண்ணுதான் கோளாறா?”

கண்ணில் கோளாறு இல்லை. இருபது வருஷமாகக் கடைக்காரர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவர் கதவோரம் நின்றே கண்டுபிடித்திருந்தார். குழாய் டிவி போய்த் தட்டை டிவி வந்தபோது நமக்கு எத்தனையோ கிடைத்தன. மூலையில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் நட்டம்.

ஏன் என்று தெரிய, பழையதிலிருந்தே தொடங்க வேண்டும். குழாய் டிவிக்குள் இருப்பது காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. ஜெர்மன்காரர் பிரவுன் 1897இல் செய்த குழாயின் பேரப்பிள்ளை அது. பின்னாலிருந்து எலக்ட்ரான் பாய்ந்து முன் கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பொடியில் மோதும், மோதிய இடம் ஒளிரும். வெளிச்சம் பிறக்கிற இடம் முன் கண்ணாடியே. சுவரில் அடுப்பு வெளிச்சம் விழுந்தால் காம்பராவின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிற மாதிரி, குழாய் டிவியும் எல்லாருக்கும் ஒரே முகத்தைக் காட்டியது.

சித்தப்பா அந்தக் காலத்துக்கே போய்விட்டார். இலங்கையில் முதல் தொலைக்காட்சியாக ஐ.டி.என். 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15. ரூபவாஹினியின் பெரிய கோபுரம் நிற்பது பீதுருதாலகால மலையில், நாட்டிலேயே உயரமான இடம், 2,524 மீட்டர். இங்கிருந்து அடுத்த ஊர் மாதிரிதான். ஆனால் பள்ளத்தில் இருந்த லயங்களுக்கு இடையில் ஒரு மேடு மறைத்துவிடும், படம் இரண்டிரண்டாகத் தெரியும். விளக்கடியில் இருட்டு. கரண்ட் வராத லயங்களில் கார் பெட்டரியில் ஓடும் கறுப்புவெள்ளை டிவி. சார்ஜ் போடப் பெட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். “96 வேர்ல்ட் கப் அன்னிக்கு பெட்டரி பாதியிலயே இறங்கிருச்சு, அரவிந்த டி சில்வா நூறு அடிச்சத ரேடியோலதான் கேட்டோம்” என்றார். 1996 மார்ச் 17, லாகூர். நாளைக் கேட்டால் அவருக்குத் தெரியாது, பெட்டரி இறங்கியது மட்டும் மறக்காது.

தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்டது. முதல் மடக்கு குடித்துவிட்டு வாசலைக் காட்டினேன். இஸ்தோப்பின் ஓரத்தில் சித்தியின் மட்டக்கம்பு சாத்தியிருந்தது. கொழுந்து மட்டம் பார்க்கச் செடிமேல் குறுக்கே வைப்பார்களே, அதே கம்பு.

“சித்தப்பா, இந்த மட்டக்கம்ப செங்குத்தா புடிச்சிக்கிட்டு நம்ம இரும்புக் கேட்டுக்கு வாங்க. கேட்டுல கம்பியெல்லாம் நெட்டுக்கு நிக்குது. கம்பு உள்ள போகுமா?”

“போகும்.”

“அதுக்குப் பின்னாடி இன்னொரு கேட்டு. அதுல கம்பி குறுக்க. இப்ப?”

“மாட்டும்.”

“ரெண்டு கேட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நின்னு, வர்ற கம்ப எல்லாம் வாங்கிப் படுக்க வெச்சி அந்தப் பக்கம் குடுத்தா?”

“போயிரும்.” சிரித்தார். “அந்த ஆளுக்குப் பேர் போடுவாங்களா?”

எல்சிடி என்பது இவ்வளவுதான். பின்னால் ஒரு விளக்கு. அதன் முன்னால் நெட்டுக் கம்பி போட்ட கேட்டு, பிறகு குறுக்குக் கம்பி போட்ட கேட்டு. கேட்டு என்றால் ஒளியின் அதிர்வை ஒரு திசையில் மட்டும் விடுகிற மெல்லிய தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம். கரண்டின் அளவைப் பொறுத்து அது ஒளியை முழுதாகத் திருப்பிவிடும், பாதி திருப்பும், திருப்பாமலே விட்டுவிடும். முழுதாகத் திருப்பினால் வெளிச்சம், திருப்பாவிட்டால் இருட்டு. முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துண்டுகள். திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எரிகிற விளக்குக்கு முன்னால் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கதவுகள் திறந்து மூடுகின்றன.

வேன் ஓட்டும் பேரனின் கூலிங் கிளாஸ் ஆணியில் தொங்கியது. போலரைஸ்டு கண்ணாடி. அதை என் போனுக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுற்றினேன். ஒரு கோணத்தில் போன் பளிச்சென்று தெரிந்தது. கால் சுற்று சுற்றியதும் மையாய் இருண்டது. போன் எரிந்துகொண்டேதான் இருந்தது, கம்பு மட்டும் கேட்டில் மாட்டிக்கொண்டது. சித்தப்பா கண்ணாடியை வாங்கித் தானே நாலைந்து முறை சுற்றிப் பார்த்தார். பிறகு சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினார், ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி.

அந்தத் திரவத்தின் கதையைச் சொன்னால் கந்தப்பளைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1888இல் பிராக் நகரத்தில் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல்காரர் ஒரு கொழுப்புச் சத்தை எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த பொருளைச் சூடாக்கினார். 145.5 பாகையில் உருகியது, ஆனால் கலங்கலாக. மேலும் சூடாக்க, 178.5 பாகையில் இன்னொரு முறை உருகின மாதிரித் தெளிந்தது. ஒரு பொருள் இரண்டு முறை உருகுமா? இடையில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் அதன் துகள்கள் வரிசை கலையாமல் நிற்கும். அந்தக் கொழுப்புச் சத்தை அவர் எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? கரட்டிலிருந்து.

“நம்ம கரட்டா?” என்றாள் சித்தி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கரட், ஒரு பாத்தி லீக்ஸ் அவளுடையது.

கரட்தான். அதற்குப் பிறகு அது டிவியாக ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது, வழியில் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜப்பான் என்று பல கை மாறியது. அதெல்லாம் இப்போது வேண்டாம்.

இனி விலைத்தாளுக்கு வருவோம். ‘எல்இடி டிவி’ என்று எழுதியிருப்பது எல்சிடிதான். முன்பு பின்னால் குழல் விளக்கு இருந்தது, இப்போது எல்இடி பட்டி இருக்கிறது. விளக்கு மாறியதும் பெட்டியின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். நுவரெலியாவில் ஒரு கடையில் விற்பனைப் பையன் என்னிடமே “எல்சிடி பழசு சேர், இது எல்இடி, வேற டெக்னோலஜி” என்றான். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். விளக்கும் சும்மா வந்ததில்லை, நீல எல்இடி செய்யத் தெரிந்த பிறகுதான் வெள்ளை எல்இடி வந்தது. அதைச் செய்த, ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் பௌதிக நோபல் கொடுத்தார்கள்.

என் கடைக்கு வந்த தட்டை டிவிகளில் பெரும்பாலானவை ஒரே நோயோடு வந்தன. சத்தம் வரும், படம் வராது. வீட்டுக்காரர் முகம் செத்திருக்கும். நான் கடை லைட்டை அணைத்துவிட்டு, போன் டோர்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பேன். உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடுவார்கள். படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னால் விளக்குத்தான் போய்விட்டது. எல்இடிகளைத் தேர்த்திருவிழா சீரியல் லைட் மாதிரி வரிசையாகக் கோத்திருப்பார்கள், ஒன்று போனால் வரிசையே போகும். பட்டியை மாற்றினால் டிவி பிழைத்துக்கொள்ளும். முன் கண்ணாடி உடைந்து வந்தால்தான் கதை முடிந்தது. அதை மாற்றுகிற காசுக்குக் கிட்டத்தட்ட புது டிவியே வரும்.

இதில் ஒரு பாடமும் உண்டு. கடையில் எல்லா டிவியையும் உச்ச வெளிச்சத்தில் ஓட விடுவார்கள், பக்கத்து டிவியைத் தோற்கடிக்க வேண்டுமே. அதே அமைப்பில் வீட்டில் ஓடவிட்டால் விளக்குப் பட்டி சீக்கிரம் சாகும். வீட்டுக்கு வந்ததும் பின்விளக்கைப் பாதியளவுக்குக் குறைத்து வையுங்கள். கண்ணுக்கும் நல்லது, லைட் பில்லுக்கும் நல்லது.

“சரி, சாம்பலா தெரிஞ்சது?” சித்தப்பா விடுகிறவர் இல்லை.

நடுவில் நிற்கும் திரவத் துகள்களை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒன்றுக்கு விஏ என்று பெயர். துகள்கள் சித்தியின் லீக்ஸ் மாதிரி நட்டுக்க நிற்கும். கரண்ட் கொடுத்தால் சாயும். லீக்ஸ் பாத்திக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள், செடிக்குச் செடி இடையில் கறுப்பு மண் தெரியும். வரப்பில் குந்தி பக்கவாட்டில் பாருங்கள், மண் மறைந்து பச்சை மட்டும் தெரியும். பாத்தி ஒன்றுதான், பார்க்கிற இடம் வேறு. விஏ திரையை நேராகப் பார்த்தால் இருட்டு நல்ல இருட்டாக இருக்கும், வெளிச்சம் இருட்டைப் போல 3,000 மடங்குக்கும் மேலே போகும். பக்கத்தில் போனால் அந்த இருட்டு சாம்பலாகும், நிறம் வெளுக்கும். பக்கத்து வீட்டில் இருப்பது இதுதான்.

இன்னொன்று ஐபிஎஸ். துகள்கள் கண்ணாடியோடு ஒட்டிப் படுத்திருக்கும், கரண்ட் கொடுத்தால் கடிகார முள் மாதிரி படுத்தபடியே திரும்பும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதிகம் மாறாது. ஆனால் நேராகப் பார்க்கிறவருக்கும் முழு இருட்டு கிடைக்காது, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் 1,000 மடங்கு அளவுதான் வித்தியாசம். லைட்டை அணைத்துவிட்டுப் பேய்ப்படம் பார்த்தால் இரவு வானம் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும்.

பெட்டியில் இதை எழுதமாட்டார்கள். ஒரே மாடலிலேயே இரண்டு வகையும் வருவதுண்டு. ஆகவே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நான் எழுந்து காம்பராவை ஒரு சுற்றுப் பார்த்தேன். முன் காம்பரா 10க்கு 12 அடி, வெள்ளைக்காரன் காலத்து அளவு. டிவி நிற்கப்போகும் சுவருக்கு நேர் எதிரே கட்டில், அது சித்தப்பாவின் இடம். பிள்ளைகள் தரையில் பாய் போட்டு. பக்கத்து வீட்டார் வந்தால் இஸ்தோப்புக் கதவில். சித்தி? சித்தியின் இடம் சமையல் காம்பராவுக்குப் போகும் வாசற்படி. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் நாடகத்தில். அங்கிருந்து டிவியைப் பார்த்தால் நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை தள்ளி, கிட்டத்தட்ட சுவரோரமாக. நான் போய் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அதிக நேரம் டிவி பார்க்கிற ஆள் சித்தி. ஆனால் கடையில் போய் டிவிக்கு நேர் எதிரே நின்று தெரிவு செய்யப்போகிறவர் சித்தப்பா.

அதைச் சொன்னேன். சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அவளுக்குத்தான் வாங்கணும்” என்றார்.

கியூஎல்இடி பற்றி அவர் வட்டம் போட்டிருந்ததற்கு ஒரு காரணம், அது ஓஎல்இடி மாதிரியே காதில் விழுகிறது. அப்படிப் பெயர் வைத்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். உண்மையில் இதுவும் எல்சிடிதான். விளக்குக்கு முன்னால் ஒரு மெல்லிய படலம் சேர்த்திருக்கும், அதில் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள். தலைமுடியின் தடிப்பு எண்பதாயிரம் நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள்களின் விசேஷம் என்னவென்றால், ஒரே பொருள், அளவு மாறினால் நிறம் மாறும். சிறியது நீலப் பக்கம், பெரியது சிவப்புப் பக்கம்.

இதைத் தோட்டத்து ஆளுக்கு விளக்கவா வேண்டும். பெக்டரியில் ஒரே கொழுந்து, ஒரே சல்லடை வரிசை. பெரிய இலை ஓ.பி. என்று ஒரு பக்கம், உடைந்தது பி.ஓ.பி., அதனிலும் சின்னது பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். செடி ஒன்று, அளவு வேறு, கோப்பையில் இறங்கும் சாயம் வேறு. அந்தத் துகள்களைக் கண்டவர்களுக்கும் செய்தவர்களுக்கும் 2023இல் இரசாயன நோபல் கிடைத்தது. நிறம் நன்றாக இருக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் மூலையிலிருந்து பார்க்கிறவரின் பிரச்சினையை இது தீர்க்காது. கீழே இருப்பது விஏ என்றால் கியூஎல்இடியும் பக்கத்தில் வெளுக்கும். மினி எல்இடி என்பது பின்விளக்கைச் சின்னதாக்கி நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைத்துவைக்கும் வித்தை. நல்ல வித்தைதான், விலையும் அதற்கேற்ப.

ஓஎல்இடிதான் உண்மையிலேயே வேறு சாமான். அங்கே பின்விளக்கு கிடையாது, கேட்டு கிடையாது, திரவம் கிடையாது. 4கே திரையில் 3,840 பெருக்கல் 2,160, அதாவது 82 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு எரியும், தன் பாட்டுக்கு அணையும். கார்த்திகை அன்று லயம் முழுக்க விளக்கு வைத்த மாதிரி. இருட்டு வேண்டிய இடத்தில் விளக்கை அணைத்துவிட்டால் அங்கே இருட்டு இருட்டுத்தான், சாம்பலுக்கு இடமேயில்லை. வெளிச்சம் முன்பக்கமே பிறப்பதால் பழைய குழாய் டிவி மாதிரி எந்த மூலையிலிருந்தும் ஒரே படம். கோடக் கம்பனியில் டாங், வான் ஸ்லைக் என்ற இருவர் 1987இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. சோனி 2007இல் விற்ற முதல் ஓஎல்இடி டிவி வெறும் 11 அங்குலம்.

“அப்ப அதத்தான வாங்கணும்?” என்றார் சித்தப்பா, நூறு பேர் தாளை இன்னும் மேலே தள்ளி.

என் கண்ணால் கண்டதில் அதைவிட நல்ல படம் இல்லை. என்றாலும் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றேன். விலை ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கார்த்திகை விளக்கில் எது அதிக நேரம் எரிந்ததோ அதன் திரி முதலில் தேயும். ஓஎல்இடியிலும் அப்படித்தான், ஒரு புள்ளி எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு தேயும். நம் வீடுகளில் டிவி எப்படி ஓடுகிறது? காலையில் பக்திப் பாட்டு, பகலில் யாரும் பார்க்காவிட்டாலும் சத்தத்துக்காக, பின்னேரத்திலிருந்து ராத்திரி வரை நாடகம். சக்தியோ, வசந்தமோ, நேத்ராவோ, டிஷ்ஷில் சன் டிவியோ, எதுவானாலும் மூலையில் சனல் முத்திரை அசையாமல் நிற்கும், செய்தி நேரத்தில் கீழே பட்டி ஓடும். ஒரே சனலை நாளெல்லாம், வருஷக்கணக்கில் ஓடவிட்டால் அந்த முத்திரை இருந்த இடம் தழும்பாகத் தங்கிவிடும், வேறு படம் போட்டாலும் நிழலாகத் தெரியும். புதிய திரைகள் இதைத் தள்ளிப்போடப் பல உபாயம் செய்கின்றன, ஒழித்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ராத்திரி லைட்டணைத்து இரண்டு மணி நேரம் சினிமா பார்க்கிறவருக்கு ஓஎல்இடி. நாடகம் ஓடுகிற வீட்டுக்கு இல்லை.

எத்தனை அங்குலம் என்ற பேச்சில் பேரனும் வந்து சேர்ந்துகொண்டான். அவனுக்கு 55, அதுவும் 4கே. டேப்பை எடுத்துக் கட்டிலிலிருந்து சுவருக்குப் பிடித்தோம். தலையணையில் சாய்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஏழரை அடி. 55 அங்குல டிவியின் அகலம் 4 அடி, ஜன்னலை மறைக்கும். அது போகட்டும். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு, அதை வைத்துக் கணக்குப் போடலாம். 43 அங்குலத்தில் சாதாரண ஃபுல் எச்டியின் புள்ளிகளே ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது. அதே திரையில் 4கேயின் நுணுக்கத்தை முழுதாகக் காண மூன்று அடிக்குள் போய் உட்கார வேண்டும். கட்டிலை விற்றுவிட்டு ஸ்டூல் வாங்கலாம் என்றேன். 43 அங்குலத்தில் இப்போது வருவதில் பெரும்பாலானவை 4கேதான், அதனால் வந்தால் வரட்டும். அதற்கென்று தனியாக நாலு பேர் காசு கொடுக்க வேண்டாம்.

மறுபக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. அன்டெனாவில் வரும் பழைய அனலாக் படத்தில் கண்ணுக்குத் தெரிவது 576 வரிதான். டிஷ் பக்கேஜ்களிலும் எத்தனையோ சனல் அந்தத் தரத்தில்தான் வருகிறது. அதை 43 அங்குலத்துக்கு இழுத்து ஏழரை அடியிலிருந்து பார்த்தால் படம் கொசகொசவென்று இருக்கும். 32 அங்குலத்தில் அதே படம் அதே தூரத்தில் கூர்மையாகத் தெரியும். ‘புது டிவியில பழையத விட மங்கலா இருக்கு’ என்று என்னிடம் வந்தவர்கள் எத்தனை பேர்! டிவி மேல் குற்றமில்லை, கொஞ்ச மாவைப் பெரிய தோசையாக இழுத்துவிட்டார்கள். கூடவே, பழைய சதுரப் படத்தை அகலமாக இழுத்துவைத்து எல்லா நடிகையையும் குண்டாக்கிவிடுவார்கள். ரிமோட்டில் பட அளவை மாற்றினால் பாதி பேரின் எடை குறையும்.

ஆகவே நாடகம் மட்டும் என்றால் 32, யூடியூப்பும் கிரிக்கெட்டும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தால் 43. பேரன் முகத்தைப் பார்த்து 43 என்று முடிவானது.

சித்தி கேட்டது ஒன்றுதான்: “கரண்டு?” 2022இல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களையும், பிறகு வந்த பில்லையும் அவள் மறக்கவில்லை. டிவியின் முதுகில் எத்தனை வாட் என்று ஒட்டியிருக்கும். 43 அங்குல எல்இடி 80 வாட் என்று வையுங்கள், நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் 12 யூனிட். பழைய குழாய் டிவியும் ஏறக்குறைய இவ்வளவுதான் இழுத்தது. 32 அங்குலம் பாதி, 55 அங்குலம் ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 60 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலை, தாண்டினால் வேறு விலை. சித்தியின் பில் 50க்கு மேல் நிற்கிறது. டிவியைப் பெரிதாக்கினால் கோடு எங்கே தாண்டும் என்பதை அவள் எனக்கு முன்னால் விரலில் எண்ணிவிட்டாள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றார் சித்தப்பா. ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் அடுப்பும் லைட்டும் போட வோல்டேஜ் இறங்கும்தான். ஆனால் இப்போதைய டிவிகள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் என்றே எழுதியிருக்கும், இறங்குவதைத் தாங்கும். கொல்வது ஏறுவதுதான். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்குமே, அப்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். என் மேசைக்கு வந்து கருகிக் கிடந்த போர்டுகளில் பாதி, கரண்ட் வழியாகப் போனவை அல்ல. டிஷ் வயர் வழியாகப் போனவை. கூரைமேல் இரும்புச் சட்டி வைத்து அதிலிருந்து செம்புக் கம்பியை டிவிக்குள் இறக்கியிருக்கிறோம், மின்னல் வேறு எங்கே போகும்? பிளக்கையும் கழற்றுங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள். முதல் முழக்கம் கேட்ட பிறகு டிவிக்குக் கிட்டேயே போகாதீர்கள். மேகம் கறுக்கும்போதே கழற்ற வேண்டும்.

ஸ்மார்ட் டிவி பற்றிக் கேட்டான் பேரன். வாங்குகிற வருஷம் புத்திசாலி, மூன்றாம் வருஷம் மந்தம். திரை நன்றாக இருந்தால் போதும், புத்தி மங்கினால் ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் பின்னால் சொருகிக்கொள்ளலாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு நுவரெலியாவுக்குப் போனோம், சித்தியையும் கூட்டிக்கொண்டு. அவள் வரமாட்டேன் என்றாள், கடைக்குள்ளும் கதவோரமாகவே நின்றாள். அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. பென் டிரைவில் ஒரு ராத்திரிக் காட்சி கொண்டுபோயிருந்தேன், மழை, குடை, ஒரு தெருவிளக்கு. கடைக்காரர் ஓடவிட்டிருந்த கிளியும் பழமும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். நம் படத்தைப் போடச் சொல்லி, வெளிச்சத்தை வீட்டு அளவுக்கு இறக்கச் சொல்லி, சித்தியை நின்ற இடத்திலிருந்தே பார்க்கச் சொன்னேன்.

முதல் டிவியில், “அந்தாளு மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி இருக்கு.” இரண்டாவதில், “இதுவுந்தான்.” மூன்றாவதில் கொஞ்சம் நேரம் பார்த்தாள். “இதுல குடை கறுப்பா இல்ல, ஆனா மூஞ்சி மூஞ்சியா இருக்கு.” ஐபிஎஸ் திரையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா வகுத்துப் பார்த்தார். அறுபது பேருக்குள் அடங்கியது.

பெட்டியை நிறுத்தி வைத்தபடியே வேனில் கொண்டுவந்தோம், படுக்க வைத்தால் கண்ணாடி வளையும். வழியெல்லாம் பனி. வீட்டுக்குள் வைத்ததும் பேரன் பிளக்கை நீட்டினான், நான் கையைத் தட்டிவிட்டேன். குளிரில் வந்த சாமான் சூடான காம்பராவுக்குள் வந்தால் வேர்க்கும், உள்ளே போர்டிலும் வேர்க்கும். இரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று கோப்பைத் தேத்தண்ணி ஆனது.

பழைய டிவியை நானும் பேரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இஸ்தோப்புக்குத் தூக்கினோம். புதியதை மேசையில் நிறுத்தி ஓடவிட்டோம். சித்தி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினாள். பிறகு எழுந்து வந்து டிவியின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் தடிப்புக்கூட இல்லை. மறு கையில் பின்னல் துணியும் பூச்சாடியும்.

“எல்லாம் சரி தம்பி, இத எங்க வெக்கிறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சித்தப்பா டேப்பை எடுத்து, டிவிக்கு மேலே சுவரில் பலகை அடிக்க அளந்துகொண்டிருந்தார்.